தசராவுக்கு முன் ஒரு யெஸ்டி

குளிர்நாடுகளில் பனிக்காலம் மோட்டார் சைக்கிள்களை முடக்கும். மைசூருவில் அந்த வேலையை மழைக்காலம் செய்கிறது. ஜூன் மாதத்தில் போர்வை போர்த்தி நிறுத்தப்படும் பழைய வண்டிகள் பல, ஆயுத பூஜையை ஒட்டியே மீண்டும் வெளிச்சத்தைக் காண்கின்றன. கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சூட்டி, உதைத்துக் கிளப்பும்போதுதான் எஞ்சின் இருமுகிறது, திணறுகிறது, நின்றும் விடுகிறது.

இவ்வூரில் அப்படி நிற்கும் வண்டி ஜாவாவாகவோ யெஸ்டியாகவோ இருப்பதில் வியப்பில்லை. செக் நாட்டு ஜாவா நிறுவனத்தின் உரிமத்தைப் பெற்று, 1960இல் தொடங்கப்பட்ட ஐடியல் ஜாவா நிறுவனம் யாதவகிரித் தொழிற்சாலையில் இவற்றை உருவாக்கியது. 1970களில் ஜாவா என்ற பெயர் யெஸ்டி என மாறிற்று. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. உதைக்கும் லீவரே கியர் லீவருமாகும். இந்த விசித்திரங்களை நேசிப்போர் ஊரில் இன்னும் குறையவில்லை.

நம் வீட்டில் இருப்பது 1970களின் யெஸ்டி 250. சென்ற மழைக்காலம் முழுவதும் அது அசையவில்லை. கிளப்பியபோது தடுமாறி ஓடியது. காட்டிய பட்டறையில் ஒலியைக் கேட்டதுமே, சிலிண்டரை ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போட வேண்டும் என்றார்கள். தேய்மானம் படிப்படியாக வருவது; மே மாதம் நன்றாக ஓடிய வண்டி, நின்ற இடத்தில் நான்கு மாதத்தில் எப்படித் தேய்ந்திருக்கும்? இந்த ஐயத்துடன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யெஸ்டி வெறுமனே நிற்கையில் சீராக ஓடாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், வேகம் குறைந்தால் எரிந்த புகை முழுதும் வெளியேறாமல் புதிய கலவையோடு கலந்துவிடும். ஆகவே சில சுற்றுகள் எரியாமலே கழியும். ரசிகர்கள் மயங்கும் அந்தத் தாளம் நோயன்று. ஆக்சிலரேட்டரைத் திருப்பியபின்னும் தடுமாற்றம் நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

டேங்கில் இருந்த பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தோம். சற்று நேரத்தில் அடியில் நீர் தனியே திரண்டு நின்றது. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் உண்டு. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டரின் கிண்ணத்திலோ வேறொரு சிக்கல். இவ்வண்டிகளில் ஆயிலைப் பெட்ரோலுடனேயே கலக்கிறோம். பெட்ரோல் ஆவியாகிவிட, ஆயில் மட்டும் பிசினாக மிஞ்சியிருந்தது. ஸ்லோ ஜெட்டின் ஊசிமுனைத் துளை அடைந்திருந்தது. அதைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். துப்புரவுத் திரவத்தில் ஊறவிட்டுக் காற்றால் ஊதினோம்.

அடுத்தது பொறி. இவ்வகை யெஸ்டியில் அது பேட்டரியை நம்பியிருக்கிறது. மாதக்கணக்கில் சார்ஜ் ஏறாத பேட்டரி பலவீனமான பொறியையே தரும். பேட்டரியைச் சார்ஜ் செய்தோம். மழை ஈரத்தில் பாயிண்ட் முனைகள் கறுத்திருந்தன. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, 0.4 மி.மீ. இடைவெளி வைத்தோம். பிளக்கும் புதிது. சைலன்சர் ஒன்றின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது, அதையும் இடித்தெடுத்தோம். (பூச்சிகளுக்கு ஷெட் வாடகையில்லா வீடு.)

இப்போது எஞ்சின் நன்றாகவே ஓடிற்று. பலரும் இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டு சாமுண்டி மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நாமும் அந்த நினைப்பில்தான் இருந்தோம். ஆனால் ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் எஞ்சின் உடனே அடங்கவில்லை. சில நொடிகள் தானாகவே உயர்ந்த வேகத்தில் சுழன்று, பிறகே தணிந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, காற்று நுழையும் வாயைக் கையால் சற்றே மறைத்தோம். திணறுவதற்கு மாறாக, ஓட்டம் சீரானது. கலவையில் காற்று மிகுதி என்பதே அதன் பொருள்.

இது சிறிய குறையன்று. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஆயில் வருவது பெட்ரோலோடு மட்டுமே. எங்கோ இடுக்கு வழியே வெறும் காற்று நுழைந்தால் எரிபொருள் குறையும், வெப்பம் ஏறும், அதே நேரத்தில் ஆயிலும் குறையும். நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொண்டால் பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்ளும். அந்நேரத்தில் கிளட்சைப் பிடிக்கத் தவறியவர் விழுவார். தேவையற்றதாக இருந்த ரீபோர் அன்றைக்கு உண்மையாகவே தேவைப்பட்டிருக்கும்.

கார்புரேட்டர் சேரும் இடத்தில் சோப்பு நீரைத் தடவினோம், ஓட்டத்தில் மாற்றமில்லை. எஞ்சியது கிராங்க் சீல். நெடுநாள் நின்றதில் ரப்பர் இறுகி, உதடு தண்டை விட்டு விலகியிருக்கக் கூடும். சீல்கள் இரண்டு. கியர்பெட்டிப் பக்கத்துச் சீல் கெட்டால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சும். அடர்ந்த புகை ஓயாது வரும். ஆயில் மட்டம் இறங்கும். அவ்விரண்டும் இங்கில்லை. ஆகவே டைனமோப் பக்கத்தைச் சந்தேகித்தோம். வேறொரு மெக்கானிக், டைனமோவைக் கழற்றியதும் வெடித்த சீலை விரலாலேயே தடவிக் காட்டினார். புதிய சீலின் விலையும் அரைநாள் கூலியும் சேர்ந்தும் புதுப் பிஸ்டனின் விலையை எட்டவில்லை.

பட்டறைச் செலவுடன் இன்னொன்றையும் பார்த்துவிடுவது நலம். தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தொழிற்சாலை மூடிய ஆண்டைக் கணக்கிட்டால், சாலையில் உள்ள பழைய யெஸ்டி ஒவ்வொன்றும் இந்த வரிசையில் நிற்பதே. வண்டி உறங்கிய மாதங்களில் காப்பீடும் புகைச் சான்றிதழும் காலாவதி ஆகியிருக்கலாம்.

இவ்வாண்டு மழைக்கு முன் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்தோம்; பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தோம்; சைலன்சர் வாய் இரண்டிலும் துணி அடைத்தோம். கிளப்பும் முன் அத்துணியை எடுக்க மறவாதிருக்க, ஹேண்டில்பாரில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம்.