கறுப்பு வண்டல் கெடுதல் அல்ல

“உறவினர் போர்ச்சுகலிலிருந்து கொண்டுவந்த 1977 வின்டேஜ் போர்ட் ஒயின் ஷோகேஸில் நிற்கிறது. அடியில் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வண்டலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போர்ட்டில் பல வகைகள் மரப் பீப்பாயிலேயே முதிரும். வின்டேஜ் மட்டும் அறுவடையாகி மூன்று ஆண்டுகளுக்குள், வடிகட்டாமல் புட்டிக்குப் போய்விடும். அங்கே நிறமிகளும் துவர்ப்பு தரும் டானின்களும் பிணைந்து, கனத்து, அடியில் இறங்கும். இளம் போர்ட் நாவல்பழம் போல நாக்கைப் பிடிக்கும். முதிர்ந்தது பிடிக்காது; அந்தப் பிடிப்புதான் வண்டலாகிக் கிடக்கிறதே!

டோரு ஆற்றின் முகத்துவாரத்தில், விலா நோவா டி காயாவில், ஒரு கிடங்கில் முதிர்ந்த வின்டேஜ் ஒன்றைச் சுவைத்திருக்கிறேன். விளிம்பில் செங்கல் நிறம். முதலில் உலர் அத்திப்பழ வாசனை. சற்றுப் பொறுத்தால் தேயிலை, வால்நட். விழுங்கிய பிறகும் வெல்லப்பாகின் இனிப்பு நெடுநேரம் நின்றது. பாட்டியின் உப்பு நார்த்தங்காய்தான் நினைவுக்கு வந்தது. ஜாடியில் வருஷக்கணக்கில் கறுத்து, கசப்பு அடங்கியதைத்தான் அவர் காய்ச்சல்காரருக்கு எடுத்துக் கொடுப்பார்.

என்னைக் கவர்ந்தது புட்டியைத் திறக்கும் விதம். பல பத்தாண்டுகள் ஊறிய கார்க், திருகாணி பட்டதும் பொடிந்துவிடும். அதனால் இடுக்கியைச் சிவக்கக் காய்ச்சி, கார்க்குக்குக் கீழே கழுத்தைச் சுற்றிப் பிடிக்கிறார்கள். எடுத்ததும் அதே இடத்தில் ஈரத்துணி. ‘டிக்’கென்று கழுத்து கார்க்கோடு கழன்று வந்துவிடுகிறது. சிறுவயதில் எங்கள் அரிக்கேன் விளக்கின் சூடான சிம்னி, ஒரு மழைத்துளி பட்டு விரிந்ததும் இதே விதியால்தான்: சூடான கண்ணாடி ஓரிடத்தில் மட்டும் திடீரென்று சுருங்கினால் அங்கே பிளக்கும்.

இத்தனை பொறுமையாக முதிர்ந்ததை நாம் ஷோகேஸ் விளக்கடியில் நிற்கவைக்கிறோம். கார்க் காய்ந்து காற்று புகுகிறது. பிறகு குலுக்கி ஊற்றி, ஐஸும் போடுகிறோம். மனம் வலிக்கிறது.

வாசகரே, புட்டியை இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்கவையுங்கள். திறக்குமுன் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள், வண்டல் இறங்கட்டும். கழுத்துக்குப் பின்னே மெழுகுவத்தி ஏற்றி, கண்ணாடிக் குடுவையில் மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். கறுப்பு கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். திறந்த பழைய வின்டேஜ் ஓரிரு நாள்தான் தாங்கும். அதனால் தனியாகத் திறக்காதீர்கள். ரசிக்கத் தெரிந்த நான்கு பேரை அழைத்துத் திறங்கள்.