சூரியனைப் படம் பிடிக்கும் மலை

பசுமலையில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அந்த ஒளி சூரியனிலிருந்து இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் 8 நிமிடம்! தூரமோ 15 கோடி கிலோமீட்டர்.

பஞ்சம் தந்த யோசனை

1876-ல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா? இதை அறிய அறிஞர்கள் விரும்பினார்கள். கொடைக்கானல் மலையில் 1899-ல் வான் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

மழையின் ரகசியம் பிடிபடவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது! கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-ல் அங்கே எவர்ஷெட் என்ற அறிஞர் கண்டுபிடித்தார்.

"புள்ளி" என்றுதான் பெயர். பூமியைவிடப் பெரிய புள்ளிகளும் உண்டு!

வானம் தெளிந்த நாட்களில் சூரியனைப் படம் எடுக்கும் வேலை 100 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நடக்கிறது.

வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள். பார்வை போய்விடும்!