லாயத்துத் தொழில்கள் – 6: வாய்க்குள் போகும் அரம்

போன வாரம் பிரிட்டனின் லாடக்காரர்களைப் பார்த்தோம். அங்கே 1975-ல் வந்த பதிவுச் சட்டத்தின்படி, பெயர் பதியாத ஒருவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம். சொந்தக் குதிரைதான் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஏறக்குறைய நான்கு ஆண்டு ஒரு மூத்த லாடக்காரரிடம் தொழில் பழகி, தேர்வில் தேறினால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும்.

அதே லாயத்துக்கு, அதே குதிரையின் பல்லை அராவ ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். எங்கே படித்தாய், யார் தேர்வு வைத்தார்கள் என்று சட்டம் அவரைக் கேட்பதில்லை. நாலு அரமும் ஒரு பையும் இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம். குளம்பாவது கண்ணுக்குத் தெரிகிற இடம். ஆணி பிசகி இறங்கினால் குதிரை நொண்டும். அடித்தவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். வாய் அப்படி இல்லை. உள்ளே நடந்த தவறு மாதக்கணக்கில் வெளியே தெரியாது. தெரியும்போது யாரால் வந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. கண்காணிப்பு அதிகம் வேண்டிய இடத்தில்தான் அது குறைவாக இருக்கிறது. இது சரியில்லை என்பதுதான் என் கட்சி.

குதிரையின் பல்லை எதற்கு அராவ வேண்டும்? நம் பல் ஒருமுறை முளைத்தால் முளைத்ததுதான். குதிரையின் கடைவாய்ப் பல்லோ இளம் வயதில் 7, 8 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்; அதில் பெரும்பகுதி தாடைக்குள் புதைந்து கிடக்கும். புல்லை அரைத்து அரைத்து ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் தேயத் தேய, உள்ளிருப்பது அதே அளவுக்கு மேலே வந்துகொண்டே இருக்கும். 25, 30 வயதில் இருப்பு தீர்ந்துவிடும். அத்தோடு, குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல்பற்களின் வெளி ஓரமும் கீழ்ப்பற்களின் உள் ஓரமும் சரியாகத் தேயாமல் கத்தி முனைபோல் நிற்கும். மேலே உள்ளது கன்னத்தைக் கிழிக்கும், கீழே உள்ளது நாக்கைக் கிழிக்கும். நாளெல்லாம் மேய்கிற குதிரைக்கு இந்தத் தொல்லை குறைவு. லாயத்தில் கட்டிப்போட்டு தானியம் போட்டு வளர்க்கும்போது அரைக்கும் நேரம் குறைந்து, தாடை அசைகிற விதமும் மாறி, முனைகள் கூடுகின்றன. கடிவாளத்தை மாட்டி இழுத்தால் கன்னத்தின் உட்புறம் அந்த முனைகள்மேல் போய் அழுந்தும்.

இவ்வளவு வேதனையிலும் குதிரை வாய்விட்டுக் காட்டாது. கொன்று தின்னும் விலங்குகளுக்கு நடுவே வாழ்ந்த இனம். வலியை வெளியே காட்டியது பிழைத்திருக்காது. தீவனத் தொட்டியடியில் பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாக, எச்சிலோடு சுருட்டின மாதிரி கிடந்தால்தான் லாயக்காரர் சந்தேகப்படுவார். அரைக்க முடியாமல் துப்பிய கவளம் அது. அந்த நிலைக்கு வரும்போது வாய்க்குள் புண் முற்றியிருக்கும், அல்லது இரண்டு பல்லுக்கு இடையில் புல் சிக்கி ஈறு அழுகியிருக்கும்.

மனிதன் இதைக் கவனித்தது நேற்றல்ல. மங்கோலியப் புல்வெளியில் தோண்டியெடுத்த குதிரை எலும்புகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான கட்டுரை, சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மேய்ப்பர்கள் கோணலாக முளைத்த பல்லைக் கல்லால் அறுக்க முயன்றிருக்கிறார்கள் என்கிறது. உலோகக் கடிவாளம் வந்த பிறகு, அது இடிக்கும் இடத்தில் இருக்கும் சிறு முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவும் பழகியிருக்கிறார்கள். ‘ஓநாய்ப் பல்’ என்று இன்றும் குதிரைக்காரர்கள் அழைக்கும் பல் அதுதான். பிடுங்கும் வேலை இன்றும் நடக்கிறது. யார் பிடுங்கலாம் என்பதுதான் இன்றைய கேள்வி.

பிரிட்டனில் 1966-ம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம், நோயைக் கண்டறிவதும் அறுவை செய்வதும் மருத்துவர் வேலை என்கிறது. பல் அராவுவது இதில் எந்தப் பக்கம் சேரும்? குதிரை மருத்துவர் சங்கமும் கால்நடைப் பல் மருத்துவச் சங்கமும் முன்னின்று வேலைகளை மூன்று வகையாகப் பிரித்த பட்டியல்தான் இன்று நடைமுறையில் இருக்கிறது. முதல் வகை, யாரும் செய்யலாம்: வாயைப் பார்ப்பது, கை அரத்தால் கூர்முனையை மழுக்குவது, ஆடும் பால்பல்லை எடுப்பது. இரண்டாம் வகை, தேர்வில் தேறிய பல் தொழில்நுட்பர்களுக்கு: மோட்டார் அரத்தைப் பயன்படுத்துவது, மருத்துவர் பக்கத்தில் நின்று பார்க்க ஓநாய்ப் பல்லை எடுப்பது. மற்றதெல்லாம் மூன்றாம் வகை. மருத்துவர் மட்டுமே தொடலாம். மயக்க ஊசியும் மருத்துவர் கையால்தான்.

முதல் வகையில் ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள்: உயர்ந்து வளர்ந்த பல்லைக் கை அரத்தால் 4 மில்லிமீட்டருக்கு மேல் குறைக்கக் கூடாது. இந்த 4 மில்லிமீட்டரில்தான் இந்தத் தொழிலின் சாரமே இருக்கிறது. குதிரையின் கடைவாய்ப் பல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்தோ அதற்கு மேலோ கிளைகளாக, நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட உயிர்க்கூழ் ஓடுகிறது. அதற்கும் அரைக்கும் பரப்புக்கும் நடுவே இருக்கும், தந்தினி என்னும் கெட்டியான பல்திசுத் தடுப்பு, சில பற்களில் சில மில்லிமீட்டர்தான். எந்தப் பல்லில் எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே மூச்சில் வழித்தெடுத்தால் உயிர்க்கூழ் திறந்துகொள்ளும். பல் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். மோட்டார் அரமாக இருந்தால் சூடும் சேர்ந்துகொள்கிறது. ஒரே பல்லில் நிறுத்தி ஓட்டினால், வெட்டாமலே உயிர்க்கூழைச் சுட்டுவிடலாம். மேல்தாடையின் பின்பற்களில் சீழ் வைத்தால் வேர்வழியாக முகத்தின் காற்றறைக்குள் இறங்கி, ஒற்றை மூக்கில் நாற்றச் சளியாக வடியும். வாயை எல்லாரும் மறந்துவிட்டு மூக்குக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால்தான் நல்ல பயிற்சி அரத்தில் தொடங்குவதில்லை. மண்டையோட்டில் தொடங்குகிறது. இறந்த குதிரைகளின் தலைகளை நெடுக்காக அறுத்து, ஒவ்வொரு பல்லின் வேரும் எங்கே போய் முட்டுகிறது என்று மாணவர் தொட்டுப் பார்க்கிறார். எண்முறை மனப்பாடமாக வேண்டும்: மேல் வலது 100, மேல் இடது 200, கீழ் இடது 300, கீழ் வலது 400, நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. ‘109’ என்றால் மேல் வலது ஒன்பதாம் பல், நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் முதலில் முளைப்பது, சொத்தை அடிக்கடி விழுவது. பிறகுதான் உயிருள்ள குதிரை. வாய் விரிப்பானை மாட்டி, பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தித் திறந்து, உணவுத் துணுக்கைக் கழுவி, நெற்றி விளக்கும் நீண்ட காம்புக் கண்ணாடியுமாக உள்ளே பார்க்க வேண்டும். கண் முடித்த இடத்தில் விரல் தொடங்கும். கடைசிப் பல்வரை கையை விட்டுத் தடவிப் பார்த்து, கண்டதைப் படத்தில் குறித்த பிறகே அரத்தை எடுக்கலாம்.

குளோஸ்டர்ஷயரின் ஹார்ட்பரியில் குதிரைப் பல் அறிவியலைப் பட்டப்படிப்பாகவே நடத்தியிருக்கிறார்கள். எந்த வழியில் கற்றாலும் இறுதியில் அந்த இரண்டு மருத்துவச் சங்கங்களும் நடத்தும் தேர்வு நிற்கிறது: எழுத்துத் தேர்வு, நேர்முகம், தேர்வாளர் முன்னால் குதிரையின் வாயில் செய்து காட்டும் செய்முறை. தேறியவர்கள் குதிரைப் பல் தொழில்நுட்பர் சங்கத்தில் சேரலாம். காப்பீடும் தொடர்கல்வியும் அங்கே கட்டாயம். எல்லாம் நன்றாகவே அமைத்திருக்கிறார்கள். ஆனால், தேர்வே எழுதாதவரும் அரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த லாயத்துக்குள் நுழையலாம் என்பது மாறவில்லை.

மருத்துவர்களே பார்த்துக்கொள்ளட்டுமே என்று சொல்லிவிடலாம். அதுவும் நியாயமாகாது. கால்நடைக் கல்லூரிகளில் குதிரையின் பல்லுக்கு நெடுங்காலம் சில வகுப்புகளே ஒதுக்கினார்கள். மோட்டார் வண்டி வந்து வேலைக் குதிரை மறைந்தபோது இந்தக் கைத்திறனும் கூடவே தேய்ந்தது. எடின்பரோவில் பாட்ரிக் டிக்சன் போன்றவர்களின் ஆராய்ச்சிதான் இதை மறுபடி அறிவியலாக நிமிர்த்தியது. நடுவில் இருந்த காலத்தில் தொழிலைக் காப்பாற்றியவர்களில் பட்டமில்லாத கைத்தொழிலாளர்களும் உண்டு. அவர்களைத் துரத்துவது என் நோக்கமல்ல. தேர்வறைக்குள் அழைத்து வருவதுதான் வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. பட்டமில்லாமல் பல் அராவியவர்களுக்கும் கால்நடை மருத்துவ வாரியத்துக்கும் மூண்ட சண்டை நீதிமன்றம்வரை போனது. 2011-ல் மாநிலச் சட்டம் அவர்களுக்குத் தனி உரிமம் கொண்டுவந்தது: சான்று காட்ட வேண்டும், மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். இரு தரப்புக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும், குதிரை வைத்திருப்பவர் அங்கே உரிமத்தைக் காட்டு என்று கேட்க முடிகிறது. பிரிட்டனில் இதே உரிமை குளம்புக்கு 1975-லேயே கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம்: கடிவாளமும் சேணமும் செய்யும் வால்சால் நகரத்துப் பட்டறைகள்.