வண்டி டீசலைக் கூடுதலாகக் குடிக்கிறதா?

மும்பையில் மாட்டுங்காவிலும் தாராவியிலும், தில்லியில் கரோல்பாக்கிலும், புணேயிலும் பெங்களூரிலும் நம் தமிழ் மக்கள் பலர் சிறு தொழில் நடத்தி வருகின்றனர். இட்லி மாவு, வாழையிலை, பூ, காய்கறி, திருமணச் சமையலுக்கான பாத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டு செல்லும் டீசல் வேன் ஒன்றே அவர்களுள் பலருக்கு முதற்பெரும் சொத்து. அந்த வண்டிக்கு ஆகும் டீசல் செலவு ஆதாயத்தின் ஒரு பெரும் பகுதியை விழுங்கிவிடக் கூடியது. ஆதலின், “வண்டி முன்போல் மைலேஜ் கொடுக்கவில்லையே” என்ற ஐயம் தோன்றிவிட்டால் உரிமையாளருக்கு உறக்கம் கெடுவது இயல்பே.

அந்த ஐயம் இரண்டு வழிகளிற் செல்லும். ஒன்று, பணிமனைக்குச் சென்று எஞ்சினைப் பிரிக்கச் சொல்வது. மற்றொன்று, ஓட்டுநர்மீது கண் வைப்பது. முதலாவதில் பணம் போகும். இரண்டாவதில் ஒரு மனிதனுடைய நற்பெயர் போகும். அந்த ஓட்டுநர் பெரும்பாலும் சொந்த ஊரிலிருந்து நம்பி அழைத்து வரப்பட்டவராக இருப்பார். முதலாளி கொடுத்த இடத்திலேயே தங்கியிருப்பார். டீசலைத் திருடினார் என்ற சொல் ஒன்று எழுந்தால், வேலையும் தங்குமிடமும் ஒரே நாளிற் போய்விடும்; செய்தி ஊருக்கும் எட்டிவிடும். இத்துணைப் பெரிய முடிவுக்கு ஆதாரமாக நிற்பது என்னவென்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஒரு முறை டீசல் போட்டபோது தோன்றிய ஒரு கணக்குத்தான். அந்தக் கணக்கு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை ஆராய்வோம்.

மைலேஜ் என்பது ஒரு லிட்டர் டீசலில் வண்டி ஓடும் கிலோமீட்டர் அளவு. இதை அறிவதற்குப் பலர் கைக்கொள்ளும் அளவுகோல்கள் மூன்று. மூன்றும் இந்த வேலைக்கு ஏற்றவை அல்ல.

முதலாவது ரூபாய்க் கணக்கு. “இரண்டாயிரம் ரூபாய்க்குப் போட்டால் மூன்று நாள் ஓடும், இப்போது இரண்டரை நாளிலேயே தீர்ந்துவிடுகிறது” என்பார்கள். டீசல் விலை காலத்துக்குக் காலம் மாறுவது. மாநிலந்தோறும் விற்பனை வரி வேறுபடுவதால், எல்லை கடந்தாலும் விலை மாறும். ஆகவே ரூபாயை விட்டு லிட்டரையே எண்ண வேண்டும். இரண்டாவது, புதிய வண்டிகளில் ஓட்டுநருக்கு முன்னால் ஒளிரும் சராசரி எண். அது எஞ்சினுக்குள் செலுத்தப்படும் எரிபொருளை வைத்து வண்டியின் கணினி கணக்கிட்டுக் காட்டுவது. டாங்கில் ஊற்றிய டீசலை அளந்து காட்டுவதன்று. மூன்றாவது, வாங்கும்போது விளம்பரத்திற் கண்ட எண். புணேயில் 1966ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனைச் சாலைகளில், வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, வகுத்த வேகத்தில் ஓட்டிக் கண்ட எண் அது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது உதவும். நம் வண்டியின் மைலேஜ் குறைந்ததா என்று அறிய வேண்டுமானால், அதே வண்டி முன்பு கொடுத்த மைலேஜுடன்தான் ஒப்பிட வேண்டும்.

சரியான முறை மிக எளியது. டாங்கை நிரப்பிக் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்க. வழக்கம்போல் ஓட்டுக. மறுபடியும் நிரப்பும்போது, நிரம்பிய லிட்டரையும் கிலோமீட்டர் எண்ணையும் குறித்துக்கொள்க. ஓடிய கிலோமீட்டரை நிரம்பிய லிட்டரால் வகுத்தால் வருவதே மைலேஜ். இதில் ஒரு நுட்பம் உண்டு. “டாங்கு நிரம்பியது” என்பது ஒவ்வொரு முறையும் ஒரே அளவன்று. தரை சற்றுச் சாய்ந்திருந்தாலும், நுரை எழுந்து குழாய் முன்னதாகவே நின்றுவிட்டாலும், நின்ற பின்னும் பங்க் ஊழியர் இன்னும் கொஞ்சம் ஊற்றினாலும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வேறுபாடு வரும். பத்து லிட்டர் மட்டும் போட்டுக் கணக்குப் பார்த்தால், அந்த ஒரு லிட்டர் பிசகு நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆகிவிடும். உண்மையில் 14 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 12.7 கொடுப்பதாகத் தோன்றும். அங்கே குறைந்தது வண்டியும் அன்று, டீசலும் அன்று, அளவே பிசகியது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வேன் நான்கு முறை நிரப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதன்முறை 420 கிலோமீட்டருக்கு 31.5 லிட்டர், மைலேஜ் 13.3. இரண்டாம் முறை 390 கிலோமீட்டருக்கு 26 லிட்டர்; மைலேஜ் 15. மூன்றாம் முறை 435 கிலோமீட்டருக்கு 31.8 லிட்டர்; மைலேஜ் 13.7. நான்காம் முறை 395 கிலோமீட்டருக்கு 27.9 லிட்டர், மைலேஜ் 14.2. முதல் எண்ணைக் கண்டவர் ஓட்டுநரைக் கடிந்திருப்பார். இரண்டாம் எண்ணைக் கண்டவர் அவரையே பாராட்டியிருப்பார். மொத்தக் கிலோமீட்டரையும் மொத்த லிட்டரையும் கூட்டிப் பாருங்கள். 1,640 கிலோமீட்டர், 117.2 லிட்டர், மைலேஜ் ஏறக்குறைய 14. முதன்முறை விளிம்புவரை ஊற்றியதும், இரண்டாம் முறை குழாய் முன்னதாக நின்றதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. இடையில் நேரும் பிசகுகள் இவ்வாறு கழிந்துபோக, தொடக்க நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் உள்ள பிசகு மட்டுமே எஞ்சும். 117 லிட்டரில் ஒரு லிட்டர் பிசகு நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே.

ஆகவே, குறைந்தது நான்கு நிரப்பல்களின் கணக்கு இல்லாமல் எந்த முடிவுக்கும் வருதல் கூடாது. இயன்றவரை ஒரே பங்கில், ஒரே குழாயில், குழாய் தானாக நிற்கும் முதற் கணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பழைய கணக்கு எழுதி வைக்கவில்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. சர்வீஸ் செய்த ரசீதுகளில் அன்றைய கிலோமீட்டர் எண் இருக்கும். இரண்டு சர்வீஸ்களுக்கு இடையே போட்ட டீசலின் ரசீதுகளைக் கூட்டினால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கான பழைய மைலேஜ் கிடைத்துவிடும்.

அடுத்து, அளக்கும் கருவிகளையும் ஐயுற வேண்டும். தேய்ந்த டயரின் சுற்றளவு புதிய டயரைவிடச் சிறியது. ஆதலின் புதிய டயர் மாட்டியவுடன், ஓடிய தூரம் மீட்டரில் சற்றுக் குறைந்து காட்டும்; மைலேஜும் குறைந்ததுபோல் தோன்றும். தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலையுடைய கிலோமீட்டர் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இருபது கற்களைக் கடந்து மீட்டரோடு ஒப்பிட்டால் பிசகு தெரிந்துவிடும். பங்கின் அளவைச் சோதிக்கவும் வழி உண்டு. எடையளவுத் துறையினர் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருத்தல் வேண்டும். ஐயமுற்றவர் அதில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரையிலான வேறுபாடே பொறுக்கத் தக்கது. வடநாட்டில் இருப்போர் “பாஞ்ச் லிட்டர் கா மாப்” என்று கேட்டால் விளங்கிக்கொள்வார்கள்.

கருவிகள் சரியாக இருந்தாலும், ஒப்பிடும் காலமும் வழியும் ஒத்திருக்க வேண்டும். தில்லியில் சனவரிக் குளிரில் எஞ்சின் சூடேறவே நேரமாகும். மே மாதத்திலோ குளிர்சாதனம் ஓயாது ஓடும். டீசலின் வெப்பநிலை 20 டிகிரி மாறினால் அதன் கன அளவு நூற்றுக்கு ஏறக்குறைய 1.7 பங்கு மாறும். எனவே சனவரியைச் சனவரியோடு ஒப்பிடுவதே முறை. வழியின் ஏற்ற இறக்கமும் அத்தகையதே. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரண்டு டன் எடையுள்ள வேன் சென்னையிலிருந்து அந்த உயரத்துக்கு ஏறுவதற்கு மட்டும் ஒன்றரை லிட்டர் டீசல் கூடுதலாகச் செலவாகும். ஏறக்குறைய 350 கிலோமீட்டர்ப் பயணத்தில் இது சிறு தொகையன்று. ஊருக்குப் போகும்போது நன்றாகக் கொடுத்த வண்டி, திரும்பும்போது குறைத்துக் கொடுத்தது என்றால், மலையின்மீதுதான் குற்றம் சுமத்த வேண்டும். மும்பையிலிருந்து புணே செல்வோர்க்கும் இஃது ஒக்கும். போக வர இரண்டையும் சேர்த்தே கணக்கிடுக.

இவ்வளவும் பார்த்த பின்னும் வேறுபாடு நூற்றுக்கு ஐந்து பங்குக்கு உட்பட்டிருந்தால், அதைப் பொருட்படுத்த வேண்டா. பத்துப் பங்கு குறைந்து நிலைத்திருந்தால் குறை உண்மையானது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 14இலிருந்து 12.6க்கு இறங்கினால், மாதந்தோறும் ஏறக்குறைய 16 லிட்டர் வீணாகிறது என்று பொருள்.

காரணம் தேடும்போது செலவில்லாதவற்றிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் டயர்க் காற்று. அதைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அடுத்து, பிரேக் விடாமற் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின், சக்கரங்களின் அருகே கையைத் தொடாமற் கொண்டுசென்றால், ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றினும் கடுஞ்சூடாக இருப்பது தெரியும். பின்னர், நிறுத்திய இடத்தில் தரையில் டீசற் கசிவு உண்டா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க. கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை, அல்லது நாசில் பழுது என்று கொள்ளலாம். வெப்பங்காட்டும் முள் எப்போதும் தாழ்ந்தே நின்றால் தெர்மாஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கக் கூடும். எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் டீசலைக் கூடுதலாக எரிக்கும். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு ஏற்ப அமைந்த டீசல் வேன்களில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை எரிப்பதற்கும் டீசல் செலவாகும். நகருக்குள் சிறுசிறு ஓட்டமாகவே ஓடும் வண்டியில் அந்த எரிப்பு அரைகுறையாக நின்று, அடிக்கடி மீண்டும் நிகழும்.

ஓட்டும் பழக்கமும் ஒரு காரணமே. சரக்கு இறக்கும்வரை எஞ்சினை அணைக்காமல் நிறுத்திவைப்பதைப் பலர் பெரிதாக எண்ணுவதில்லை. சிறிய டீசல் எஞ்சின் நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டர் அளவு எரியும். நாள்தோறும் ஒரு மணி நேரமென்றால், 25 நாளில் 12.5 லிட்டர். நாம் மேலே கண்ட 16 லிட்டரில் பெரும் பகுதி இவ்விதமே போய்விடக் கூடும்! வேகமும் அவ்வாறே. 60 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக்கினால், காற்றின் எதிர்ப்பு முக்காற் பங்குக்கு மேல் மிகும். உயர்ந்த கூடுடைய வேனுக்கு இது பெருஞ்சுமை.

இனி ஓட்டுநரைப் பற்றிய கேள்விக்கு வருவோம். மைலேஜ் குறைந்தது என்ற எண், ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்பதை மட்டுமே கூறும். யார் செய்தார் என்று கூறாது. உரிமையாளர் உடன் சென்ற நாட்களில் மைலேஜ் ஏறிவிட்டால்கூட, அது திருட்டுக்குச் சான்றாகாது. முதலாளி பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது எவரும் வேகத்தைக் குறைத்து, எஞ்சினை அணைத்து, ஒழுங்காக ஓட்டுவர். அதே மைலேஜ் நீடித்தாலோ, குறை வண்டியில்தான் என்பது தெளிவு. ஓட்டுநர்மீதிருந்த ஐயம் அன்றே நீங்கிவிடும்.

ஆகையால் கணக்கை மறைவாக வைக்காமல் வெளிப்படையாக நடத்துவதே நன்று. வண்டியிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, கிலோமீட்டர், லிட்டர், பங்கின் பெயர், சென்ற வழி, ஏற்றிய சுமை ஆகியவற்றை ஓட்டுநரே எழுதட்டும். வாரம் ஒருமுறை இருவரும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். நேர்மையான ஓட்டுநருக்கு அதுவே பாதுகாப்பு. குறை உண்மையாக இருந்தால், அஃது எந்த வாரத்தில் தொடங்கியது என்பதையும் அந்த ஏடு காட்டும். அந்த வாரத்தில் டயர் மாற்றினீர்களா, புதிய வழியிற் சென்றீர்களா, மழை பிடித்ததா என்று தேட வழி பிறக்கும். மெக்கானிக்கிடம் செல்லும்போதும், “வண்டி இழுக்கவில்லை” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “மார்ச் மாதம்வரை 14, ஏப்ரலிலிருந்து 12.6” என்று சொன்னால், அவர் வீணாக எஞ்சினைப் பிரிக்காமல் உரிய இடத்தில் கை வைப்பார்.

இன்று மாலையே டாங்கை நிரப்பி, முதல் வரியை எழுதிவிடுங்கள். நான்காவது நிரப்பல் முடியும்வரை யாரையும் எதுவும் சொல்ல வேண்டா.