வன்னி மரத்துக்கு வாரிசு எங்கே?

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இராஜஸ்தானத்தின் தார்ப் பாலைவனத்தில், கம்பு விளையும் வயல்களின் நடுவே மரங்கள் நிற்பதைக் காணலாம். அங்கே ‘கேஜ்ரி’ என்று வழங்கும் அந்த மரம் நமக்குப் புதியதன்று. நம் சிவன் கோயில்கள் சிலவற்றில் தல மரமாக நிற்கும் வன்னியேதான் அது. 1983-இல் இராஜஸ்தான் அதனைத் தன் மாநில மரமாக்கிக் கொண்டது.

மழை மிகக் குறைந்த அந்த மண்ணில் வன்னி எவ்வாறு பிழைக்கிறது? அதன் ஆணிவேர் 30 மீட்டருக்கும் கீழே இறங்க வல்லது. ஆகவே மேல்மண்ணின் ஈரத்துக்காக அது பயிரோடு பெரிதும் போட்டியிடுவதில்லை. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால் மண்ணில் நைட்ரஜன் சத்தையும் கூட்டுகிறது. மர நிழலில் பயிர் சோர்ந்துவிடும் என்பது நம் ஊர் அனுபவம்; வன்னியின் அடியிலோ கம்பு செழிக்கிறது! அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். ‘சாங்கிரி’ எனப்படும் பிஞ்சுக்காய் மனிதருக்குக் கறி. 1730-இல் ஜோத்பூரை அடுத்த கேஜர்லியில் அரசரின் ஆட்கள் இம்மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி முதலாக 363 பிஷ்னோய் மக்கள் மரங்களைக் காக்க உயிர்விட்டனர்.

கோடரி கண்ணுக்குத் தெரியும் பகை. இன்றைய இடர் அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. வயலில் பெரிய மரங்கள் நிற்கும்போது, “மரம்தான் இருக்கிறதே!” என்று தோன்றும். எத்தனை மரங்கள் என்று எண்ணினால் போதாது. அவற்றுள் இளையவை எத்தனை என்றும் பார்க்க வேண்டும். நீர் வரும் குழாயை மூடிவிட்ட தொட்டி நிறைந்திருப்பதில் என்ன பயன்? கீழே அது ஒழுகிக்கொண்டே இருக்கிறதல்லவா!

ஒரு கணக்குப் போடுவோம். புதுக் கன்றே எழாத ஒரு வயலில், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு மரம் பட்டுப்போவதாகக் கொள்க. பாதி மரங்கள் மறைய ஏறத்தாழ 69 ஆண்டுகள் ஆகும். அதே இழப்பு நூற்றுக்கு மூன்றானால் 23 ஆண்டுகளே போதும். கதிரியக்கப் பொருளின் அரை ஆயுளைக் கணக்கிட்ட மாணவருக்கு இது பழகிய கணக்குதான்.

கன்றுகள் ஏன் எழவில்லை? முன்பு ஒட்டகம் இழுத்த மரக்கலப்பை கன்றைக் கண்டால் விலகிப் போகும், டிராக்டர் விலகுவதில்லை. தப்பியதை ஆடு மேய்கிறது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் எல்லாக் கிளைகளையும் கழித்துவிட்டால் மரம் காய்ப்பதே இல்லை. பிறகு விதைக்கு எங்கே போவது?

நிற்கும் மரங்களுக்கும் நலிவு வந்திருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறுகளால் நிலத்தடி நீர் இறங்குகிறது. ஓயாமல் கிளை கழிக்கப்பட்டு இளைத்த மரத்தின் வேரை ஒருவகை வண்டின் புழு துளைக்கிறது. கானோடெர்மா என்னும் பூஞ்சையும் வேரை அழுகச் செய்கிறது. அண்மை ஆண்டுகளில் பிக்கானேர் பகுதியில் சூரிய மின் நிலையங்களுக்காகவும் வன்னிகள் வெட்டப்பட்டு, மக்கள் போராடி வருகின்றனர். சூரிய ஒளியின் ஆற்றலை வகுப்பில் வியந்து பேசுபவன் நான். ஆயினும் அதற்கு இந்த மரங்களை விலையாகக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

செய்யத்தக்கவை அரியனவல்ல. கிளைகளில் ஒரு பங்கையேனும் உச்சியில் விட்டுவைக்கலாம்; சில மரங்களை முறைவைத்து ஓராண்டு தொடாமல் விடலாம். தானே முளைத்த கன்றைச் சுற்றி முள்வேலி இட்டால் டிராக்டர் ஓட்டுபவர் கண்ணிலும் அது படும். பிக்கானேர் வறண்ட நிலத் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தார் ‘தார் சோபா’ என்னும் முள்ளில்லா வன்னியை உருவாக்கியுள்ளனர். மொட்டுக்கட்டி வளர்க்கும் அது விரைவில் காய்ப்பது நல்ல செய்திதான். ஆனால் மொட்டுக்கட்டிய மரங்கள் யாவும் ஒரே தாயின் நகல்கள். ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றவற்றையும் வீழ்த்தக்கூடும். ஆகவே காய்க்கு அதனை நட்டாலும், வயலுக்கான கன்றுகளைப் பல ஊர்களின் பல மரங்களிலிருந்து எடுத்த விதைகளைக் கொண்டே வளர்க்க வேண்டும்.