பிரஜா உரிமையும் பெயரும்

அந்நிய தேசமொன்றில் பிரஜையாகிறவர் தம் பழைய தேசத்தின்பாலுள்ள ராஜ விசுவாசத்தைத் துறந்து பிரமாணம் செய்கிறார். பெற்றோர் இட்ட பெயரையும் அவர் துறக்க வேண்டுமோ? அமெரிக்கச் சட்டம் அவ்வாறு கேட்கவில்லை.

விண்ணப்பதாரர் கோரினால், பிரஜா உரிமை வழங்கும் நியாயஸ்தலமே அவர் பெயரையும் மாற்றலாமென்று 1906-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. இன்றும் அவ்வழி உண்டு. எனினும் நியாயஸ்தலத்தில் பிரமாணம் செய்வோருக்கே அது பயன்படும். சர்க்கார் இலாகாவின் வைபவத்தில் பிரமாணம் செய்வோர் தனியே மனுச் செய்ய வேண்டும். எல்லிஸ் தீவு அதிகாரிகள் வந்தேறியோர் பெயர்களைச் சிதைத்தனரென்பது கட்டுக்கதை. கப்பல்காரர் தந்த ஜாபிதாவைக் கொண்டே அவர்கள் விசாரித்தனர். பரிகாசத்துக்கும் பிழைப்புக்கும் அஞ்சிப் பலர் தாமே பெயரை மாற்றிக்கொண்டனர்.

அவ்வச்சம் நம்மவருக்கு அவசியமா? இந்தியருக்குப் பிரஜா உரிமை அளித்த சட்டம் 1946-ல் பிறந்தது. ஸ்ரீ தலீப் சிங் சௌந்த் 1949-ல் பிரஜையானார். 1956-ல் அதே பெயருடன் அமெரிக்கப் பிரதிநிதி சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தமிழருக்கு வேறொரு சங்கடமுண்டு. நமக்கு வம்சப் பெயர் வழக்கமில்லாமையால், அங்கே தகப்பனார் பெயரே வம்சப் பெயராகி, மகனை அப்பெயரிட்டு அழைக்கின்றனர். இக்குழப்பத்தைத் தீர்க்கச் சட்டத்தின் உதவியை நாடுவதில் குற்றமில்லை. அயலார் நாவுக்கு எளிதாகட்டுமென்று நாணிப் பெயரை மாற்றுவதையே நாம் ஆட்சேபிக்கிறோம். பிரமாணத்தில் கேளாததைத் தாமே கொண்டுபோய்க் கொடுப்பானேன்?