எடுத்தனூர் நடுகல்: எருமைகளுக்காக வீழ்ந்தவனும் அவன் நாயும்

செங்கம் பகுதி, திருவண்ணாமலை மாவட்டம்
பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலம் – கி.பி. 7ஆம் நூற்றாண்டு

கால்நடையே செல்வமாக இருந்த காலம். எருமைகளைக் கவர வந்த கள்ளர்களை எதிர்த்து நின்று உயிர்விட்டான் கருந்தேவக்கத்தி. அவனோடு இருந்த நாய் ஓடிவிடவில்லை. கள்ளர் இருவரைக் கடித்து, அங்கேயே காத்து நின்றது. ஊரார் எழுப்பிய இக்கல்லில் வீரனோடு அந்த நாயும் இடம்பெற்றது. அதன் பெயரையும் மறவாமல் பொறித்தார்கள்: கோவிவன்.

எழுத்தைப் பாருங்கள்
கல்லில் உள்ளது வட்டெழுத்து, மொழி தமிழ். நடுகற்களில் 'பட்டான்' என்ற சொல்லை அடிக்கடி காணலாம். போரில் வீழ்ந்தான் என்பது அதன் பொருள்.

கல் நடும் மரபு
தகுந்த கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் கூறுகிறது. செங்கம் வட்டாரத்தில் இத்தகைய கற்கள் ஏராளம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1972இல் நூலாக வெளியிட்டது.

அரண்மனை வரலாற்றில் இடம்பெறாத எளிய மனிதர்களின் வரலாறு இது. வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் இதுபோன்ற கற்கள் இன்னும் நிற்கின்றன.

கல்லின்மேல் எண்ணெய், சுண்ணாம்பு, வண்ணம் பூசாதீர்கள், எழுத்து அழிந்துவிடும். உங்கள் ஊரில் எழுத்துள்ள கல்லைக் கண்டால், இடம் பெயர்க்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.